ரத்தம் வைத்திருக்கும் கணக்கு: விண்வெளி வீரர்களின் குரோமோசோம்கள்

விண்வெளிக்குப் போகிற ஒவ்வொருவரும் உடம்போடு ஒரு டோசிமீட்டர் வைத்திருப்பார்கள். பையில் அடங்குகிற சின்ன சாதனம். அந்த இடத்தில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று பதிந்துகொள்ளும். இது பலருக்கும் தெரிந்த விஷயம். இதைத் தவிர அவர்களிடம் இரண்டாவதாக ஒரு கருவி இருக்கிறது, அது யாரும் செய்து கொடுத்தது இல்லை. கிளம்புவதற்கு முன்னால் கொஞ்சம் ரத்தம் எடுக்கிறார்கள், திரும்பி வந்த பிறகு கொஞ்சம் எடுக்கிறார்கள். இரண்டிலும் உள்ள வெள்ளை அணுக்களின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்த்து, உடைந்து தப்பாக ஒட்டிக்கொண்டவை எத்தனை என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையிலிருந்து உடம்பு வாங்கிய கதிர்வீச்சைக் கணக்குப் போடுகிறார்கள்.

கொஞ்ச நாளாக இந்த முறை எப்படி வந்தது என்று படித்து வருகிறேன். சேர்த்து வைத்த குறிப்புகளை இங்கே வரிசைப்படுத்துகிறேன். படிக்கப் படிக்க ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. சாதனம் ஒரு கணக்கு சொல்கிறது, ரத்தம் ஒரு கணக்கு சொல்கிறது. ரெண்டும் ஒத்துப்போகாத இடத்தில் யார் பேச்சைக் கேட்பது?

ஈ, செடி, பிறகு மனிதர்

1927-இல் ஹெர்மன் முல்லர் பழ ஈக்களின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, கதிர்வீச்சு மரபணுவை மாற்றும் என்று நிரூபித்தார். 1946-இல் அதற்கு நோபல் பரிசு வந்தது. குரோமோசோம் கண்ணுக்கு முன்னால் உடைவதைக் கணக்காக்கியவர் ஹார்வர்டில் இருந்த கார்ல் சாக்ஸ். 1930-களின் கடைசியில் டிரடஸ்காண்டியா என்ற செடியின் மகரந்தச் செல்களில் அவர் எண்ணிப் பார்த்தார். ஒற்றை உடைசல்கள் கதிரின் அளவுக்கு நேர் விகிதத்தில் கூடின. ஆனால் இரண்டு உடைசல்கள் சேர்ந்தால்தான் நடக்கிற மாற்று ஒட்டுகள் அளவைவிட வேகமாக, கிட்டத்தட்ட அதன் வர்க்கத்தைப்போலக் கூடின. இதுதான் அடிப்படை. உடைசலை எண்ணினால் கதிரின் அளவைப் பின்னோக்கிச் சொல்லலாம்.

செடியில் முடிந்தது மனிதரில் உடனே முடியவில்லை. ஏன்னா மனிதச் செல்லில் எத்தனை குரோமோசோம் இருக்கு என்பதே அப்போது சரியாகத் தெரியாது. 48 என்றுதான் முப்பது வருஷத்துக்கு மேல் பாடப் புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் சுவீடனின் லுண்ட் நகரில் எண்ணி, 46 என்று 1956-இல் வெளியிட்டார்கள்.

அடுத்த சிக்கல், எந்தச் செல்லைப் பார்ப்பது என்பது. குரோமோசோம் தெளிவாகத் தெரிவது செல் பிரியும் நேரத்தில் மட்டும்தான். ரத்தத்தில் ஓடுகிற லிம்போசைட்டுகள் சும்மா இருக்கும், பிரியாது. 1960-இல் பிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவல் ஒன்றைக் கவனித்தார். சிவப்பு அணுக்களைத் திரட்டிப் பிரித்தெடுக்க, பீன்ஸ் வகைக் கொட்டையிலிருந்து எடுத்த பைட்டோஹீமக்ளுட்டினின் என்ற பொருளைச் சேர்ப்பார்கள். அதைச் சேர்த்தால் தூங்கிக்கிடக்கும் லிம்போசைட்டுகள் விழித்துக்கொண்டு பிரியத் தொடங்குகின்றன! கிட்டத்தட்ட 48 மணி நேரத்தில் முதல் பிரிவுக்கு வந்துவிடும். அந்த நேரம் பார்த்து கோல்சிசின் வகை மருந்தைப் போட்டால், பிரிகிற செல் பாதியில் நின்றுவிடும். குரோமோசோம்கள் விரித்து வைத்த மாதிரி தெரியும். (கோல்சிசின் நமக்கு அந்நியமான பொருள் இல்லை. கண்வலிக்கிழங்கு என்று நாம் சொல்கிற செங்காந்தளிலும் அதுதான் இருக்கிறது. தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் அதன் விதைக்காகவே பயிர் செய்கிறார்கள்.)

இதே நோவல், டேவிட் ஹங்கர்ஃபோர்டுடன் சேர்ந்து, அதே 1960-இல் ஒரு வகை ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களிடம் வழக்கத்தைவிடச் சின்னதாக ஒரு குரோமோசோமைக் கண்டுபிடித்தார். பிலடெல்ஃபியா குரோமோசோம் என்று பெயர் வந்தது. இரண்டு குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் வந்த விளைவு அது என்று 1973-இல் ஜேனட் ரௌலி காட்டினார். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரத்தத்தில் குரோமோசோமை எண்ண வழி செய்தவரே, தப்பாக ஒட்டிய ஒரு குரோமோசோம் புற்றுநோயின் தொடக்கமாக இருக்கலாம் என்பதற்கான முதல் தடயத்தையும் கொடுத்தார். அளவுகோலும் அபாயமும் ஒரே நுண்ணோக்கியில் தெரிந்தன.

விபத்தில் கற்ற பாடம்

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் மைக்கேல் பெண்டர் என்பவர் இந்த முறையைக் கையில் எடுத்தார். 1958 ஜூனில் அங்கே இருந்த ஒய்-12 அணு ஆலையில் ஒரு விபத்து. எட்டுத் தொழிலாளர்கள் மேல் கதிர்வீச்சு பட்டது. ரெண்டு வருஷத்துக்கு மேல் கழித்து அவர்களுடைய ரத்தத்தை எடுத்துப் பார்த்தபோதும் குரோமோசோம்களில் தழும்பு இருந்தது. 1962 ஏப்ரலில் ஹான்ஃபோர்டில் இன்னொரு விபத்து நடந்தது. அங்கும் ரத்தத்தை எடுத்து, வாங்கிய அளவைக் குரோமோசோம் வழியாகக் கணக்கிட்டார்கள்.

எப்படி என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். இரண்டு குரோமோசோம்கள் ஒரே சமயத்தில் உடைகின்றன. செல் அவசர அவசரமாக ஒட்டுப்போடுகிறது. ஒட்டு மாறிப்போனால் இரண்டு இடுப்பு உள்ள ஒரு குரோமோசோம் உருவாகும். அதற்கு டைசென்ட்ரிக் என்று பெயர். பார்த்த உடனே அடையாளம் தெரியும். கதிர்வீச்சு படாத சாதாரண ஆளிடம் ஆயிரம் செல்லுக்கு ஒன்று இருந்தால் அதிகம். ஆகவே நாலைந்து தென்பட்டாலே ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அந்த நாலைந்தைக் காண ஒரு ஆள் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான செல்களைப் பார்க்க வேண்டும். விண்வெளி ஆராய்ச்சி என்றவுடன் ராக்கெட்தான் கண்ணுக்கு முன்னால் வருகிறது. இந்தப் பக்கம் முழுக்கக் கண் வலிக்க எண்ணுகிற வேலை.

ஜெமினியில் ஒரு பயம்

1965 மார்ச் 23. ஜெமினி 3 கலத்தில் கஸ் கிரிஸமும் ஜான் யங்கும் பூமியை மூன்று சுற்று சுற்றினார்கள், ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு. இந்தப் பயணம் இன்றைக்கு நினைவில் இருப்பது யங் ஒளித்துக் கொண்டுபோன ஒரு சாண்ட்விச்சுக்காக. அமெரிக்க நாடாளுமன்றம் வரைக்கும் அந்த சாண்ட்விச் போனது. ஆனால் அதே கலத்தில் பெண்டரின் சோதனையும் இருந்தது. மனித ரத்தம் நிரப்பிய சின்ன அறைகள், பக்கத்தில் கதிரியக்கப் பாஸ்பரஸ்-32. எடையற்ற நிலையில் அந்த ரத்தத்தின் மேல் கதிர் படவேண்டும், அதே நேரம் தரையில் அதே மாதிரி இன்னொரு பெட்டியிலும் படவேண்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

அதே பயணத்தில் கடல் முள்ளெலி முட்டைகளை வைத்து ஒரு சோதனை இருந்தது. கிரிஸம் அதன் கைப்பிடியைத் திருப்பும்போது கைப்பிடியே உடைந்து வந்துவிட்டது. ரத்தச் சோதனை தப்பித்தது.

முடிவு எல்லாரையும் யோசிக்க வைத்தது. மேலே போன ரத்தத்தில் ஒற்றை உடைசல்கள் தரையில் இருந்த ரத்தத்தைவிட அதிகம். கதிரின் அளவு ஒன்று, சேதம் வேறு. அப்படியானால் எடையற்ற நிலை கதிர்வீச்சின் சேதத்தைக் கூட்டுகிறதா? இது சின்ன கேள்வி இல்லை. நிலவுக்கு ஆள் அனுப்ப நாள் குறித்துவிட்ட காலம் அது. எடையின்மையும் கதிரும் கைகோத்து வேலை செய்தால், தரையில் போட்ட பாதுகாப்புக் கணக்கு அத்தனையும் தப்பு.

1966 செப்டம்பரில் ஜெமினி 11-இல் அதே சோதனையை மறுபடி செய்தார்கள். இந்த முறை வித்தியாசம் எதுவும் இல்லை. மேலே உள்ளதும் கீழே உள்ளதும் ஒத்துப்போயின.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றேன். முதல் முடிவைத் தலைப்புச் செய்தியாக்கிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல், இன்னொரு கலத்தில் இடம் கேட்டு, மறுபடி எண்ணி, தன் முதல் முடிவு நிற்கவில்லை என்று அவரே வெளியிட்டார். விண்வெளிச் சோதனை என்றால் ஒரு வாய்ப்பு கிடைப்பதே பெரிய விஷயம். ரெண்டாவது வாய்ப்பை, முதலாவதைச் சரிபார்க்கவே செலவு செய்வதற்கு நேர்மை வேண்டும். எடையின்மையும் கதிரும் சேர்ந்து ஏதாவது செய்கிறதா என்ற கேள்வி மட்டும் முழுசாக மூடப்படவில்லை, பிறகும் பல வடிவத்தில் திரும்பி வந்தது.

மாதக் கணக்கில் மேலே இருந்தவர்கள்

ஜெமினி, அப்பல்லோ எல்லாம் நாள் கணக்கு. அவ்வளவு குறைந்த அளவு கதிரைக் குரோமோசோம் வழியாகக் காண்பது கடினம். ஏறக்குறைய 100 மில்லிகிரேவுக்குக் கீழே போனால், கதிர் போட்ட உடைசல் எது, வயசும் புகையும் போட்டது எது என்று பிரிக்க முடியாது. கதை மாறியது மிர் நிலையத்தில். வலேரி பொல்யாகோவ் 1994 ஜனவரியில் ஏறி 437 நாள் கழித்து 1995 மார்ச்சில் இறங்கினார். நார்மன் தகார்ட் 1995-இல் 115 நாள் இருந்தார். ரஷ்ய, ஜெர்மன், பிரெஞ்சு, அமெரிக்க ஆய்வாளர்கள் மிர் பயணிகளின் ரத்தத்தைத் தனித்தனியாக எண்ணினார்கள். 1990-களின் நடுவிலிருந்து கட்டுரைகள் வரத் தொடங்கின. முடிவு ஒரே திசையில் இருந்தது. குறுகிய பயணத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நீண்ட பயணத்துக்குப் பிறகு டைசென்ட்ரிக்குகள் தெளிவாகக் கூடியிருந்தன.

மேலே உள்ள கதிர் எக்ஸ் கதிர் மாதிரி இல்லை என்பதையும் சொல்லணும். விண்மீன் மண்டலத்திலிருந்து வருகிற கதிரில் பெரும்பங்கு புரோட்டான்கள், அடுத்து ஹீலியம், நூற்றுக்கு ஒன்று அளவில்தான் கார்பன், இரும்பு போன்ற கனமான அணுக்கருக்கள். ஆனால் அந்த ஒன்றுதான் வம்பு. ஒரு இரும்புக்கரு செல்லைத் துளைத்துப் போனால், தன் பாதையில் நெருக்க நெருக்கமாக டி.என்.ஏ.வை உடைத்துக்கொண்டே போகும். எக்ஸ் கதிர் அங்கங்கே கல் எறிகிற மாதிரி என்றால் இது ஏர் உழுத சால். மூன்று நான்கு குரோமோசோம்கள் சேர்ந்து குழம்பிக் கிடக்கும் சிக்கலான ஒட்டுகள் இதனால் வருகின்றன.

இவ்வளவு சிக்கலைப் பார்க்கப் பழைய சாயம் போதவில்லை. 1980-களின் கடைசியில் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனி நிறம் பூசுகிற முறை வந்தது. ஒரு சிவப்புக் குரோமோசோமின் நுனியில் பச்சைத் துண்டு ஒட்டியிருந்தால் உடனே தெரியும். இடம்மாறிய துண்டுகளை எண்ணுவது இதனால்தான் முடிந்தது. டைசென்ட்ரிக் உள்ள செல் அடுத்த பிரிவிலேயே பெரும்பாலும் செத்துப்போகும். இரண்டு இடுப்பையும் இரண்டு பக்கம் இழுத்தால் வேறென்ன ஆகும்? இடம்மாறிய துண்டு உள்ள செல்லுக்கு இடுப்பு ஒன்றுதான். அது பிரியும், பெருகும், வருஷக்கணக்கில் நிற்கும். பிலடெல்ஃபியா குரோமோசோமும் இந்த இனம்தான்.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2000 நவம்பரில் முதல் குழு குடியேறியது. ஹூஸ்டனில் கெர்ரி ஜார்ஜ், பிரான்சிஸ் குசினோட்டா முதலியோர் ஒவ்வொரு பயணிக்கும் தனித்தனி அளவுகோல் தயாரித்தார்கள். பயணத்துக்கு முன் எடுத்த அவருடைய ரத்தத்திலேயே ஆய்வகத்தில் காமா கதிரைப் பாய்ச்சி, இவருக்கு இவ்வளவு கதிருக்கு இவ்வளவு உடைசல் என்று ஒரு கோடு வரைந்துகொள்வார்கள். திரும்பி வந்ததும் அந்தக் கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். 2008-இல் வெளிவந்த கணக்குப்படி, 19 பயணிகளுக்கு ஆறு மாத வாசத்தில் சாதனமும் கணினி மாதிரியும் சொன்ன சராசரி 72 மில்லிசீவர்ட். ரத்தம் சொன்ன சராசரி அதற்கு இணையான அலகில் 85. இரண்டு வழியும் ஒன்றை ஒன்று பார்க்காமல் இவ்வளவு கிட்டத்தில் வந்து நின்றது பெரிய விஷயம். நம்ம நாட்டு அணுமின் நிலையத்தில் வேலை செய்கிறவருக்கு ஐந்து வருஷத்துக்குச் சேர்த்து 100 மில்லிசீவர்ட்தான் வரம்பு என்பதோடு வைத்துப் பாருங்கள், ஆறு மாதத்தின் எடை புரியும்.

மாஸ்கோவில் ஒரு புதிர்

சராசரி ஒத்துப்போகிறது, சரி. சிக்கல் தனி ஆளிடம்தான் தொடங்குகிறது.

மாஸ்கோ ஆய்வாளர்களிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒரு சேமிப்பு இருந்தது. ரெண்டு, மூன்று, நான்கு முறை போய் வந்தவர்களின் ரத்தம். ஒரு பயணத்துக்கு இவ்வளவு சேதம் என்றால் மூன்று பயணத்துக்கு மூன்று மடங்கு இருக்கணும் இல்லையா? கலினா ஸ்னிகிர்யோவா, மார்கோ டுராண்டே முதலியோர் 2003-இல் எழுதிய கட்டுரையில் அப்படி இல்லை. முதல் பயணத்துக்குப் பிறகு கூடுகிறது. ஆனால் பல முறை போனவர்களில், மொத்தம் மேலே இருந்த நாளுக்கும் டைசென்ட்ரிக் எண்ணிக்கைக்கும் தொடர்பு இல்லை. சாதனத்தின் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது, ரத்தத்தின் கணக்கு நின்றுவிடுகிறது.

விளக்கம் ரெண்டு மூணு சொன்னார்கள். டைசென்ட்ரிக் உள்ள செல்கள் காலத்தோடு கழிந்துபோகும். எடையற்ற நிலையில் நோய் எதிர்ப்பு மண்டலமே கலைந்து, பழைய லிம்போசைட்டுகள் போய்ப் புதியவை வரலாம். அல்லது முதல் பயணத்தில் அடி வாங்கிய உடம்பு இரண்டாவதுக்குத் தயாராகிவிடலாம். மூன்றாவது விளக்கம் கேட்க இனிமையாக இருக்கிறது. அதனாலேயே அதை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஏட்டில் பக்கம் கிழிந்திருந்தால் கடன் தீர்ந்தது என்று அர்த்தம் இல்லை. ரத்தத்தில் இருந்து அடையாளம் போயிருக்கலாம். எலும்பு மஜ்ஜையில், குடலில், நுரையீரலில் உடைந்து ஒட்டிய செல் இருக்கிறதா என்பதை லிம்போசைட் சொல்லாது. ஹூஸ்டனில் சிலரைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தபோதும் இதே கதைதான். நிலையானவை என்று நம்பிய இடம்மாறிய துண்டுகள்கூடச் சிலருக்குக் குறைந்தன, சிலருக்கு அப்படியே நின்றன. ஆளுக்கு ஆள் வேறு.

இரட்டையரில் ஒருவர்

2015 மார்ச்சில் ஸ்காட் கெல்லி மேலே போய் 340 நாள் இருந்தார். உருவத்தில் ஒன்றான இரட்டைச் சகோதரர் மார்க் தரையில் இருந்தார். 2019-இல் வெளிவந்த இந்த ஆய்வில் குரோமோசோம் பகுதியைப் பார்த்தவர் கொலராடோவின் சூசன் பெய்லி. ஸ்காட் வாங்கிய அளவு சுமார் 146 மில்லிசீவர்ட். அவர் செல்களில் குரோமோசோமின் ஒரு துண்டு அதே இடத்தில் தலைகீழாகத் திரும்பி ஒட்டிய சேதம் கூடியிருந்தது. திரும்பி வந்த பிறகும் அது குறைந்துவிடவில்லை. மேலே இருக்கும்போது குரோமோசோம் நுனிகள் நீண்டு, இறங்கியதும் சீக்கிரம் சுருங்கிய செய்திதான் பத்திரிகைகளில் அதிகம் வந்தது. விண்வெளியில் இளமை திரும்புகிறது என்றெல்லாம் எழுதினார்கள். தலைகீழ்த் துண்டுகளைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒப்பிட வைத்திருந்த மார்க்கும் ஏற்கெனவே நான்கு முறை விண்கலத்தில் போய் மொத்தம் 54 நாள் மேலே இருந்தவர். அதோடு ஆய்வுக்கு உட்பட்டது ஒரே ஆள். ஜெமினி 3-ஐ நினைத்துக்கொண்டால், ஒரே ஆளிடம் கிடைத்த முடிவை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பது தெரியும்.

யார் முடிவு செய்வது

1998-இல் வடக்கு ஐரோப்பிய நாடுகளிலும் இத்தாலியிலும் சேர்த்த தரவுகளை வைத்து ஒரு கட்டுரை வந்தது. லிம்போசைட்டுகளில் குரோமோசோம் சேதம் அதிகம் உள்ள குழுவுக்குப் பின்னாளில் புற்றுநோய் அதிகம் வந்திருக்கிறது. குழுவுக்கு இது பொருந்தும். எதிரில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தருக்கு, உங்க ரத்தத்தில் இத்தனை உடைசல், ஆகவே உங்களுக்கு இது வரும் என்று சொல்ல அதை வைத்து முடியாது.

ஆனால் சொல்ல வேண்டிய நாள் நெருங்குகிறது. நாசா 2022-இல் தன் வீரர்களுக்கு வாழ்நாள் வரம்பாக 600 மில்லிசீவர்ட் வைத்தது. ஆண், பெண், வயது வித்தியாசம் இல்லை. செவ்வாய்க்குப் போன கியூரியாசிட்டி வண்டியில் இருந்த கருவி வழியில் அளந்ததை வைத்து, போய்வரும் பயணத்துக்கு மட்டும் சுமார் 660 மில்லிசீவர்ட் என்று 2013-இல் கணக்கிட்டார்கள். அங்கே தங்குவது தனி. அதாவது ஒரே பயணத்தில் வரம்பு தாண்டிவிடும். அப்போது யாரை அனுப்புவது? ரத்தம் குறைவாக உடைகிற ஆளையா? தன் ரத்தம் எளிதில் உடைகிறது என்று தெரிந்த ஒருவர் இருபது வருஷம் பயிற்சி எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டுமா?

என் கருத்தைச் சொல்லி முடிக்கிறேன். முதலில் கேட்ட கேள்விக்குப் பதில், ரெண்டையும் கேட்கணும் என்பதுதான், ஆனால் ரெண்டிடமும் ஒரே கேள்வியைக் கேட்கக்கூடாது. சாதனம் சொல்வது வந்து விழுந்தது எவ்வளவு என்று. ரத்தம் சொல்வது விழுந்ததை இந்த உடம்பு என்ன செய்தது என்று. முன்னதை வைத்து எல்லாருக்கும் பொதுவாக வரம்பு போடலாம். பின்னதை வைத்து ஒருவரை நிறுத்துவதோ அனுப்புவதோ, இன்றைய அறிவில், அவசரம். திரும்பி வந்தவரை வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள அதைப் பயன்படுத்தலாம். அதற்குத்தான் அது மிகப் பொருத்தம். ஒருவேளை எதிர்காலத்தில் நிலைமை மாறலாம். மாறும்போதும் ஒருவர் ரத்தத்தில் ஒருமுறை எண்ணியதை மறுபடி எண்ணிப் பார்க்கிற பெண்டரின் பழக்கம் கூடவே இருக்கணும்.